இல்லை என்று சொன்ன கணினி

கணினியின் மீது பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு எளிது. இந்த நிகழ்ச்சியில் எனக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அந்த நூற்பட்டியலைக் கணினியில் அமைத்தவனே நான்தான்.

எங்கள் துறை நூலகத்தில் நூல்களும் சிற்றிதழ்க் கட்டுரைகளுமாக ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்னும் கட்டற்ற தரவுத்தள மென்பொருளைக் கொண்டு, கணினி தெரிந்த முன்னாள் மாணவர் ஒருவரின் துணையோடு, விடுமுறை நாட்களில் அவற்றை ஏற்றினோம். பழைய அட்டைப் பெட்டிகளைத் தூக்கி மூலையில் வைத்த நாளில் எனக்குக் கர்வமாகவே இருந்தது.

என் நெறியாள்கையில் சங்கப் பாடல்களின் வாய்மொழிக் கூறுகளை ஆய்ந்துகொண்டிருந்த மாணவி, க. கைலாசபதியின் 'தமிழ் ஹீரோயிக் பொயட்ரி' நூலைத் தேடினார். 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்த ஆங்கில நூல் அது. சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு, வாய்மொழி மரபின் வழியே அணுகியது. அத்துறையில் ஆய்வு செய்பவர் அதைத் தொடாமல் செல்ல முடியாது.

"நம்மிடம் இல்லை, ஐயா. கணினியில் பார்த்துவிட்டேன்" என்றார். நானும் நம்பினேன். பிறர் எடுத்தாண்ட மேற்கோள்களைக் கொண்டே இயலை முடித்தார். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, "மூலநூலைப் படித்தீர்களா அம்மா?" என்பதுதான். அவர் தலைகுனிந்து நின்றார். அவையில் அமர்ந்திருந்த நானும்தான். அந்த இயலைத் திருத்தி எழுதிப் பட்டம் பெற அவருக்கு மேலும் சில மாதங்கள் ஆயின.

அடுத்த கோடையில் தூசி தட்டும்போது, அந்த நூல் இரண்டாம் அலமாரியில் இருந்தது. பட்டியலிலும் இருந்தது. தட்டச்சு செய்தவர் ஆங்கிலத் தலைப்புகளை முழுவதும் பெரிய எழுத்துகளில் அடித்திருந்தார். மாணவி சின்ன எழுத்துகளில் தேடியிருந்தார். நமக்கு அவை ஓர் எழுத்தின் இரு தோற்றங்கள். கணினிக்கோ பெரிய 'ஏ' என்பது 65, சின்ன 'ஏ' என்பது 97. இரண்டும் ஒன்றே என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

முதலில் செய்த திருத்தம் எளிமையானது. தேடும் சொல்லையும் பதிவில் உள்ள சொல்லையும் சின்ன எழுத்தாக மாற்றிய பிறகு ஒப்பிடும்படி வினவலை எழுதினோம். நூல் கிடைத்தது, ஆனால் வேகம் போயிற்று. ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் தேடியபோது பழைய கணினி மூச்சுத் திணறியது.

காரணம் புரிய, நம் பதிப்புகளின் இறுதியில் வரும் செய்யுள் முதற்குறிப்பு அகராதியை நினைத்துக்கொண்டால் போதும். 'இண்டெக்ஸ்' எனப்படும் அடைவும் அத்தகையதே. வரிசைப்படுத்திய ஓர் இலட்சம் பெயர்களை ஒவ்வொரு முறையும் பாதியாக்கிக்கொண்டே சென்றால் 17 ஒப்பீடுகளில் வேண்டியதை அடைந்துவிடலாம். அடைவு இல்லையேல் இலட்சத்தையும் படிக்க வேண்டும். எங்கள் அடைவு, தட்டச்சு செய்த வடிவத்துக்கு உரியது. நாங்கள் கேட்டதோ மாற்றிய வடிவம். ஆகவே கணினி ஒவ்வொரு பதிவையும் எடுத்து, மாற்றி, ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, சொல் தலைப்பின் நடுவில் எங்கிருந்தாலும் காட்டு என்றும் கேட்டிருந்தோம். புறநானூற்றுப் பாடல் ஒன்றின் முதலடி மறந்து இடையடி மட்டும் நினைவிலிருந்தால் முதற்குறிப்பு அகராதி எப்படி உதவும்? அதற்குச் சொல்லடைவு வேண்டும்.

எனவே இரண்டு காரியங்கள் செய்தோம். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் 'தேடல் வடிவம்' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, மாற்றிய வடிவத்தை ஒருமுறை எழுதிவைத்து, அதற்கு அடைவு அமைத்தோம். தலைப்புகளைச் சொற்களாகப் பிரித்து, எந்தச் சொல் எந்தெந்தப் பதிவுகளில் வருகிறது என்று ஒரு சொல்லடைவும் ஆக்கினோம். மூலப் பதிவில் கை வைக்கவில்லை. நல்ல பதிப்பாசிரியர் பாடத்தைத் தன் விருப்பப்படி திருத்துவதில்லை. வேறுபாட்டைத் தனியே குறிக்கிறார். தேடலின் விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது.

அத்தோடு முடிந்தது என்று எண்ணினேன். தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லையே என்ற நிம்மதி வேறு. ஒருநாள் ஔவையாரைத் தேடினேன். பாதி நூல்களைக் காணவில்லை. சிலர் 'ஔ' என்னும் தனி எழுத்தால் தொடங்கியிருந்தார்கள். சிலர் 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடித்திருந்தார்கள். வேறு சிலர் 'அவ்வையார்' என்றே எழுதியிருந்தார்கள். 'கொ' என்ற எழுத்தும் அப்படித்தான். யூனிகோடில் அதை 'க' என்பதோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் விதி யூனிகோடிலேயே உண்டு. 'ஔ', 'ஒள' குழப்பத்துக்கு அவ்விதி உதவாது. ஏனெனில் 'ள' வேறோர் எழுத்து. அதை மொழி தெரிந்தவர்தான் தீர்க்க வேண்டும். 'ஒளி'யையும் 'ஒளவை'யையும் பிரித்தறியக் கணினிக்கு யார் சொல்வது? நாங்கள் பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கையாலேயே தயாரித்தோம்.

இது தமிழுக்கு மட்டும் உரிய தொல்லையன்று. துருக்கி மொழியில் புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என இரண்டு எழுத்துகள் உண்டு. ஆங்கில விதியால் அவற்றைச் சின்ன எழுத்தாக்கினால் சொல்லே பிழையாகும். எது எதற்குச் சமம் என்பதை ஒவ்வொரு மொழிக்காரரும்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவி இப்போது வேறோர் ஊரில் ஆசிரியர். தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லி வருத்தம் தெரிவித்தேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பரவாயில்லை ஐயா. முதல் சம்பளத்தில் அந்த நூலை வாங்கிவிட்டேன்" என்றார்.

அன்று மாலை ஒரு சிறு மாற்றம் செய்தேன். தேடியது கிடைக்காதபோது எங்கள் திரையில் 'இல்லை' என்று வந்துகொண்டிருந்தது. இப்போது 'இந்த எழுத்துக்கோவையில் கிடைக்கவில்லை. அலமாரியிலும் பாருங்கள்' என்று வருகிறது.