பின்னங்காலில் ஒரு முள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நெல்லும், இவ்வட்டாரத்தார் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலையும் விளையும் பகுதி இது. சம்பா நெல் கதிர்விடும் பருவத்தில், சில ஆண்டுகளில், பச்சைப் பசேலென நின்ற வயலின் நடுவே வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்துவிடும். தொலைவில் நின்று நோக்குவோர்க்கு அவ்விடம் தீப்பட்டுக் கருகியது போலத் தோன்றும். அதனைச் செய்யும் பூச்சிக்குப் புகையான் என்று பெயர். தோற்றத்துக்கு இத்துணை பொருந்திய பெயரை எந்த ஆய்வாளரும் சூட்டியிருக்க இயலாது.

தூரைக் கையால் விலக்கிப் பார்த்தால், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பழுப்பு நிறத்தில் நெற்பொட்டினும் சிறியனவாக நூற்றுக்கணக்கில் அவை ஒட்டியிருக்கும். தட்டினால் பக்கவாட்டில் நகரும், தத்தும். அதே வயலில், இலையின் மேற்பகுதியில் பச்சை நிறத்தில் வேறொன்று தத்தித் திரியும். அது பச்சைத் தத்துப்பூச்சி. இரண்டும் சாறு உறிஞ்சுவன, இரண்டும் தத்துவன, அளவிலும் பெரிய வேறுபாடில்லை. ஆயினும் இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

இவ்வேறுபாட்டை நிறம் சொல்லாது, கால் சொல்லும். கைவில்லையின் துணையோடு பின்னங்காலை நோக்கினால், பச்சைத் தத்துப்பூச்சியின் கணைக்காலில் சீப்பின் பற்கள் போல முட்கள் வரிசையாக நிற்கும். புகையானின் கணைக்கால் முனையிலோ அசையக்கூடிய பெரிய முள் ஒன்று தனித்துத் தெரியும். உணர்கொம்பு முளைக்கும் இடமும் வேறு: முன்னதற்குக் கண்களுக்கு இடையில், பின்னதற்குக் கண்களுக்குக் கீழே. இறகின் நீளத்தை நம்புவோர் ஏமாறுவர். புகையானிலேயே நெட்டிறகு உடையனவும் குற்றிறகு உடையனவும் உண்டு.

கால் முள்ளை எண்ணுவது படித்தவர் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். உழவனின் செலவைக் கணக்கிட்டால் அவ்வாறு கருத இயலாது. பச்சைத் தத்துப்பூச்சி துங்ரோ என்னும் நச்சுயிரி நோயைச் செடிக்குச் செடி கடத்துவது. நாற்றங்காலிலேயே அதனைக் கவனிக்க வேண்டும். புகையானுக்கு வேண்டுவது வேறு. தழைச்சத்தைக் குறைத்தல், நீரை வடித்தல், இரண்டரை மீட்டருக்கு ஒருமுறை ஓரடி அளவு இடைவெளி விட்டு நடுதல் ஆகியன பயன் தரும். மருந்து தெளிக்கும் நிலை வந்தாலும் அது தூரில் பட வேண்டும்; இலைமேல் தூவிய மருந்து வீண். சிலவகை மருந்துகள் புகையானைப் பெருகச் செய்வதும் உண்டு. அதன் முட்டைகளைக் குத்தி உறிஞ்சும் ஒரு சிறிய பச்சை நாவாய்ப்பூச்சி அம்மருந்தால் முதலில் மடிந்துபோவது இதற்கு ஒரு காரணம். அந்த நாவாய்ப்பூச்சியும் ஊசிவாய் உடையதே. புகையானுக்குத் தூரத்து உறவே. பகையையும் துணையையும் பிரித்தறியாத தெளிப்பான் இரண்டையும் ஒன்றாகவே கொல்கிறது.

ஊசிவாய்தான் இவ்வினம் முழுவதையும் ஒன்றாகக் கட்டும் அடையாளம். தாடைகள் நான்கு மெல்லிய ஊசிகளாக நீண்டு, ஓர் உறைக்குள் அடங்கியிருக்கும். அவ்வூசிகளின் இடையே இரண்டு நுண்குழல்கள். ஒன்றின் வழியே உமிழ்நீர் செடிக்குள் இறங்கும், மற்றொன்றின் வழியே சாறு ஏறும். பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ் இவ்வரிசைக்குச் சூட்டிய பெயரின் பொருள் அரையிறகி என்பது. முன்னிறகின் பாதி தடித்தும் பாதி மெல்லியதாயும் இருப்பதால் வந்த பெயர். ஆனால் அவ்வியல்பு நாவாய்ப்பூச்சிகளுக்கே உண்டு. அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் இல்லை. ஒரே சீரான இறகுடையவற்றை எல்லாம் தனிப் பிரிவாக நெடுங்காலம் வைத்திருந்தனர். அது இயற்கையான குலம் அன்று என்பதை 1990களின் மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. வெள்ளை ஈயும் இத்தகைய பெயர் மயக்கமே: ஈக்கு இறகு இரண்டு, இதற்கோ நான்கு, இது அசுவினிக்கும் மாவுப்பூச்சிக்கும் சுற்றம்.

மாவுப்பூச்சியிடம் கைவில்லை தோற்றுவிடும். பெண்பூச்சிக்கு இறகே இல்லை. உடல் முழுவதும் வெண்மெழுகு. பப்பாளியில் இருப்பதும் பருத்தியில் இருப்பதும் பார்வைக்கு ஒன்றே. மெழுகை நீக்கி, உடலை வெளிறச் செய்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, தோலில் உள்ள நுண்துளைகளையும் குழல்களையும் நுண்ணோக்கியில் கண்ட பின்னரே இனம் புலப்படும். 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளியைத் தாக்கிய மாவுப்பூச்சி, மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளுக்கு உரிய இனம் என இவ்வாறே அறியப்பட்டது. அது பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் பரவியது. இனம் தெரிந்ததால் அதன் இயற்கைப் பகைவனும் தெரிந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட சிற்றொட்டுண்ணிக் குளவிகள் தமிழகத் தோட்டங்களில் விடப்பட்டன. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது.

இனம் மாறிப்போனால் நேர்வதற்கு ஆப்பிரிக்கா சான்று. 1970களில் மரவள்ளி மாவுப்பூச்சி அங்கே நுழைந்து, கோடிக்கணக்கானோர் உண்ணும் கிழங்கை அழித்தது. மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. ஆகவே பகைவனைத் தேடி அங்கே சென்றனர். கண்டத்தின் வடபகுதியில் கிட்டத்தட்ட அதே உருவமுடைய பூச்சி கிடைத்தது. அதன் குளவிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியைத் தீண்டவில்லை. ஊன்றி ஆராய்ந்தபோது வேறுபாடு புலனாயிற்று. ஆப்பிரிக்காவில் இருந்தது இளஞ்சிவப்பு நிறத்தது, ஆணின்றியே பெருகுவது. வடபகுதியில் கிடைத்தது மஞ்சள் சாயல் உடையது, ஆணும் பெண்ணும் கொண்டது. அது வேற்றினம். உரிய இனம் 1981இல் பராகுவேயில் கண்டறியப்பட்டது. அதனுடன் கிடைத்த குளவி அவ்வாண்டே நைஜீரியாவில் விடப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலங்களெங்கும் பரவிற்று. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதே பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளி வயல்களையும் வந்தடைந்தது. இம்முறை தேடி அலைய வேண்டிய தேவை எழவில்லை. இனம் இன்னது என்பது தெரிந்திருந்தது. குளவி எங்கே உள்ளது என்பதும் தெரிந்திருந்தது. பெனின் நாட்டிலிருந்து அது பெங்களூருவுக்கு வந்து, ஆய்வக வளர்ப்புக்குப் பின், 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விடப்பட்டது. கடுகினும் சற்றே பெரிய அக்குளவி, மெழுகு போர்த்த முதுகுகளைத் தன் உணர்கொம்பால் தட்டித் தட்டித் தனக்குரிய இனத்தைத் தானே கண்டறிந்து முட்டையிடத் தொடங்கியது.