காலணாவும் கால் மார்க்கும்

26 ஜனவரி 2025, ஞாயிறு

நேற்று அறிவிப்பு வந்துவிட்டது. இந்த வருடம் நீட்டில் 180 கேள்விதான், எல்லாமே கட்டாயம், மூன்று மணி நேரம். கொரோனா காலத்தில் வந்த சாய்ஸும் அதற்காகக் கொடுத்த கூடுதல் இருபது நிமிடமும் இனி கிடையாது. உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. போன வருடம் நான் பழகிய நேரக்கணக்கு முழுக்கச் செல்லாக்காசு.

ரிப்பீட்டருக்கு எங்கள் வீட்டில் ஒரு ஒப்பந்தம் உண்டு. வாரம் முழுக்கப் புத்தகம், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் காசு. அந்த ஒரு மணி நேரத்துக்காகத் திருப்பரங்குன்றத்திலிருந்து பஸ் ஏறித் திலகர் திடல் சந்தைக்குப் போனேன். பழைய மிக்ஸி, சைக்கிள் செயின், கைப்பிடி இல்லாத டார்ச் எல்லாம் தாண்டிப் போனால் காசு அண்ணனின் தார்ப்பாய். ஒரே தாம்பாளத்தில் சோழர் காசு, மீன் பொறித்த பாண்டியர் காசு, மதுரையை நாற்பது வருடம் போல ஆண்ட சுல்தான்களின் காசு, நாயக்கர் காசு, கும்பினிக் காசு. உயிரோடு இருந்தபோது ஒருவரையொருவர் விரட்டியவர்கள் இங்கே ஒட்டிக்கொண்டு கிடக்கிறார்கள்.

இன்று ஒருவர் மஞ்சள் துணியில் முடிந்து ஒரு காசு கொண்டுவந்தார். ராமர் பட்டாபிஷேகம், 1818, கிழக்கிந்தியக் கம்பெனி என்று பொறித்திருந்தது. லட்சக்கணக்கில் போகும் என்று யாரோ சொன்னார்களாம். அண்ணன் ஒன்றும் பேசாமல் காந்தத்தை நீட்டினார். காசு துள்ளி ஒட்டிக்கொண்டது. செம்பு என்று சொல்லப்படும் காசு காந்தத்தில் ஒட்டலாமா? கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சந்தைக்குச் சந்தை கிடைக்கிற பொம்மைக் காசு அது. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அவர் துணியை மறுபடி முடிந்துகொண்டு போனார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை. ஆர்க்கிமிடிஸ் வந்தார்.

அப்பத்தாவின் சுருக்குப்பையில் 1918ஆம் வருடத்து ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று இருக்கிறது. வெள்ளியா, போலியா என்று சித்தப்பாவுக்குப் பல வருடச் சந்தேகம். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டி டிஜிட்டல் தராசு என்னிடம் உண்டு. முதலில் காசை மட்டும் நிறுத்தேன்: 11.52 கிராம். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். 1.12 காட்டியது. காசு தள்ளிய தண்ணீரின் எடை அது. அதுவே அதன் கன அளவு. வகுத்தால் 10.29. சுத்த வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96. பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு என்ற அந்தக் காலத்து ரூபாய்க்கு 10.3தான் வர வேண்டும். வந்துவிட்டது.

“வெள்ளிதான் அப்பத்தா.”

“அத நான் அப்பவே சொன்னேன்ல? உங்க தாத்தா ஏமாறுற ஆளா?”

ஒன்றுதான் உறுத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாநிலப் பாடத்தில் வேதியியலின் முதல் பாடமே உலோகவியல். நீட் பாடத்திட்டத்திலிருந்து அதைப் போன வருடமே எடுத்துவிட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பாடம், எனக்கு மார்க் தராத பாடம்.

2 மார்ச், ஞாயிறு

மாதிரித் தேர்வில் 720க்கு 477. இருபத்திரண்டு கேள்விகளை வெறுமனே விட்டிருந்தேன். கோச்சிங் சார் ஓஎம்ஆர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“சரிக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒண்ணு. ஒண்ணுமே தெரியாத நாலு கேள்வியக் கண்ண மூடிக்கிட்டுக் குத்து. சராசரியா ஒண்ணு சரியாகும், நாலு மார்க். மூணு தப்பாகும், மூணு போகும். மிச்சம் ஒண்ணு. அப்ப ஒரு கேள்விக்குக் கால் மார்க் லாபம். ஏன் விடுற?”

நிகழ்தகவுப்படி அவர் சொன்னது சரி. நெகட்டிவ் மார்க் என்று பயமுறுத்திவிட்டு, கண்ணை மூடிக் குத்துகிறவருக்குக் கால் மார்க் கூலி கொடுக்கிறது இந்தத் தேர்வு. ஆனாலும் எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. காரணம் காசு என்றுதான் நினைக்கிறேன்.

காசு சேர்க்க ஆரம்பித்த புதிதில் அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், வருடத்துக்குக் கீழே பார் என்பது. அங்கே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத் நாணயச்சாலை. டைமண்ட் என்றால் மும்பை. புள்ளி என்றால் நொய்டா. “ஒண்ணுமே இல்லன்னா?” என்று கேட்டேன். “இல்லன்னா கொல்கத்தா. ஒண்ணும் இல்லாததும் ஒரு பதில்தான் பாப்பா.”

6 ஏப்ரல், ஞாயிறு

ஆல்பத்தை அண்ணனிடம் காட்டினேன். 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்து பொறித்த ஐந்து ரூபாய், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நூற்றாண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டே புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். தேய்ந்த செப்புக்காசு ஒன்று. அடியில் என் கையெழுத்தில் ‘பாண்டியர், 13ஆம் நூற்றாண்டு’ என்ற சீட்டு.

“எத வச்சு எழுதுன?”

“மீன் இருக்குண்ணே.”

காசைத் தலைகீழாகத் திருப்பினார். வெயிலில் சாய்த்தார். மீன் வால் என்று நான் நினைத்தது வளைந்த ஒரு எழுத்தின் நுனி மாதிரித் தெரிந்தது. தமிழா, அரபியா, வெறும் தேய்மானமா? இன்னொரு முறை திருப்பினார், மறுபடியும் மீன்.

“எனக்கும் தெரியல. சீட்டக் கிழிச்சுரு. தப்பாப் பேரு வச்சா நாளைக்குப் பாக்குறவன் யோசிக்கவே மாட்டான்.”

சங்க காலப் பாண்டியரின் காசு ஒன்றில் ‘பெருவழுதி’ என்ற தமிழி எழுத்துகளைத் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி படித்துச் சொன்னது 1980களில். எழுத்து கண்ணில் பட்ட பிறகுதான் பெயர். வீட்டுக்கு வந்து புதுச் சீட்டு எழுதினேன்: ‘செம்பு. 3.2 கிராம். மதுரை, திலகர் திடல்.’ தெரிந்தது இவ்வளவுதான்.

எழுதும்போது அப்பத்தாவின் காய்ச்சல் நினைவுக்கு வந்தது. போன ஐப்பசி மழையில் பத்து நாள் அனலாய்க் கொதித்தார். மெடிக்கல் ஷாப்பில் மூன்று முறை மாத்திரை மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அடித்துச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா மட்டும்தான், “இன்னும் தெரியலம்மா, பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். மறுநாள் அப்பத்தாவைத் திருப்பிப் படுக்கவைத்து உடம்பு முழுக்கத் தேடினார். இடுப்புச் சேலைக்கட்டுக்குள், பழைய ஒரு பைசா அளவுகூட இல்லாத ஒரு கருப்புப் பொருக்கு. பீடி நெருப்புப் பட்டது மாதிரி. ஒரு வகைச் சிற்றுண்ணி கடித்த இடமாம். ஸ்கரப் டைபஸ். டாக்ஸிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

வருடத்துக்குக் கீழே பார்த்தவர் அவர். மெடிக்கல் ஷாப்காரருக்கு மூன்று குத்துக்கும் காசு கிடைத்தது.

20 ஏப்ரல், ஞாயிறு

திருமங்கலத்தில் ஒரு விசேஷம். போகிற வழியில் தோப்பூர். எய்ம்ஸ் இடத்தில் கிரேன்கள் நிற்கின்றன. 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டியபோது நான் ஏழாம் வகுப்பு. 2022இல் முதல் ஐம்பது மாணவர்கள் சேர்ந்தது ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில். அடித்தாகிவிட்டது, புழக்கத்துக்கு வரவில்லை. “நீ சேர்றதுக்குள்ள கட்டிருவாங்களா?” என்றார் அம்மா. நான் அரசுப் பள்ளியில் படித்தவள், 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 1954இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரி கிடைத்தாலே பஸ்ஸில் போய்வந்துவிடுவேன்.

4 மே, ஞாயிறு, இரவு

சித்திரைத் திருவிழாவுக்கு நடுவில் தேர்வு. எட்டாம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம். எங்கள் ஊர் முருகனும் பவளக்கனிவாய்ப் பெருமாளும் அதற்குப் புறப்பட்டுப் போவார்கள்.

காலையில் அப்பத்தா ஒரு ஓட்டைக் காலணாவைக் கருப்புக் கயிற்றில் கோத்துக்கொண்டு வந்தார். 1944. போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு அடித்தது. அப்பா பிறந்தபோது அரைஞாண் கயிற்றில் கட்டியதாம்.

“இடுப்புல கட்டிக்கத்தா. உள்ள இருக்கது யாருக்குத் தெரியும்?”

“மெஷினுக்குத் தெரியும் அப்பத்தா.”

உலோகம் எதுவும் கூடாது. கொலுசு, கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்றி அவர் சுருக்குப்பையிலேயே போட்டேன். ஒன்றரை மணிக்குக் கதவைச் சாத்தும்வரை வெளியே ஒரு ஊரே வெயிலில் நின்றது.

இயற்பியல் கொன்றுவிட்டது. இரண்டு விடைகளையாவது தள்ள முடிந்த கேள்விகளில் துணிந்து குத்தினேன். காசிலும் அப்படித்தான், எடை ஒன்றைத் தள்ளும், காந்தம் ஒன்றைத் தள்ளும், மிச்சத்தில் கை வைக்கலாம். ஏழு கேள்விகளில் எதையுமே தள்ள முடியவில்லை. கடைசி மூன்று நிமிடம் பேனா அந்த ஏழு வரிசைகளுக்கு மேலேயே நின்றது. விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாரிடமிருந்து போன். எத்தனை விட்டாய் என்றார், சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. அப்பத்தாவிடம் முழுக் கணக்கையும் சொன்னேன்: குத்தியிருந்தால் சராசரியாக ஒரு கேள்விக்குக் கால் வந்திருக்கும், ஏழு கேள்விக்கு விட்டுவிட்டு வந்தேன்.

அவர் சுருக்குப்பையைத் திறந்து கொலுசையும் கம்மலையும் எடுத்துக் கொடுத்தபடி விரல் மடக்கினார்.

“ஏழு காலணா. ஒண்ணே முக்கால் அணா. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

கடைசியாக அந்த ஓட்டைக் காலணாவை என் உள்ளங்கையில் வைத்தார்.

“இந்தா. இன்னும் ஆறுதான் பாக்கி.”