ரெண்டு பெடலும் மூணாவது பெடலும்

ஆட்டோமேட்டிக் காரை மேனுவலா மாத்த முடியுமான்னு கேட்டீங்கன்னா, முக்கால்வாசி மெக்கானிக்குங்க சொல்ற பதில் ஒண்ணுதான். "பேசாம மேனுவல் காரே வாங்கிடுங்க." நல்ல புத்திமதி. ஓடற ஆட்டோமேட்டிக்கை வெச்சுக்கிட்டு ஆசைக்காக மாத்த நினைக்கறவங்களுக்கு நானும் அதையேதான் சொல்வேன். ஆனா இன்ஜினும் பாடியும் நல்லா இருந்து, கியர்பாக்ஸ் மட்டும் மண்டையைப் போட்ட பழைய வண்டின்னா கணக்கு வேற.

எங்க வண்டி அந்த ஜாதி. 1998 ஹோண்டா சிவிக் எல்எக்ஸ், நானும் ரூம்மேட்டும் பாதிப் பாதி போட்டு வாங்கினது. ஹூஸ்டன்ல கார் இல்லாம இருக்கறதைப் பத்தி நான் சொல்லணுமா? மளிகைக் கடைக்குப் போறதே காசி யாத்திரை மாதிரி. ரெண்டாவதுலேர்ந்து மூணாவது கியர் விழற நேரத்துல இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. கடையில காட்டினோம். பாக்ஸைப் பிரிச்சு சரி பண்ண அவங்க சொன்ன தொகை, நாங்க வண்டி வாங்கின தொகையை விட ஜாஸ்தி. ஜங்க்யார்டுலேர்ந்து இன்னொரு பழைய ஆட்டோமேட்டிக் பாக்ஸ் எடுத்து மாட்டலாம். அது எத்தனை நாள் ஓடும்னு மாட்டினவனுக்கே தெரியாது. மிச்சம் இருந்தது மேனுவல்தான்.

மதுரையில பட்டறை வெச்சிருக்கற மாமாகிட்ட போன்ல சொன்னேன். "ஏன் மாப்ள, இங்க அவனவன் கூடக் காசு குடுத்து ஆட்டோமேட்டிக் வாங்குறான், நீ அதைக் கழட்டிப் போடப் போறியா?"ன்னு சிரிச்சார். அப்புறம் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி, அதுதான் முக்கியமான கேள்வி: "அதே வண்டியில கம்பெனிக்காரனே கியர் போட்டு வித்திருக்கானா?"

வித்திருக்கான். 1996லேர்ந்து 2000 வரைக்கும் வந்த சிவிக் எல்எக்ஸை அதே 1.6 லிட்டர் இன்ஜினோட அஞ்சு கியர் மேனுவலாவும் ஹோண்டாவே வித்தது. அதாவது எனக்கு வேண்டிய ஒவ்வொரு சாமானும் ஏற்கெனவே ஏதோ ஒரு சிவிக்குக்குள்ள இருக்கு. கம்பெனி மேனுவலே போடாத மாடல்னா, தயவுசெஞ்சு இறங்காதீங்க. அது லேத் பட்டறை வெச்சிருக்கறவங்க விளையாட்டு.

சரி, மேட்டருக்கு வருவோம். என்னென்ன மாறும்?

இரும்பு சமாச்சாரம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆட்டோமேட்டிக்ல இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவுல டார்க் கன்வர்ட்டர் இருக்கும். உள்ளே எண்ணெய் சுத்தி சக்தியைக் கடத்தறதால, சிக்னல்ல நின்னாலும் இன்ஜின் அணையாது. அது போய், ஃப்ளைவீலும் கிளட்ச் பிளேட்டும் பிரஷர் பிளேட்டும் வரணும். கன்வர்ட்டர் மாட்டியிருந்த தட்டு மெல்லிசு, ஃப்ளைவீல் தடிமன். அதனால பழைய போல்ட் உதவாது, நீளமான போல்ட் வேணும். அப்புறம் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர், நடுவுல குழாய், பெடல் செட், கியர் ராடு, மவுன்ட், ரெண்டு ஆக்ஸில். ரேடியேட்டருக்குப் போற ஆட்டோமேட்டிக் ஆயில் குழாய்களை எடுத்துட்டு வாயை அடைச்சிடணும்.

ஒவ்வொண்ணா தேடி வாங்கினா பைத்தியம் பிடிச்சிடும். நாமளே போய் கழட்டிக்கற மாதிரி யார்டுங்க ஹூஸ்டன்ல நிறைய. அங்க இடிபட்ட ஒரு மேனுவல் சிவிக்கைப் பார்த்து வெச்சு, ஒரே வண்டியிலேர்ந்து எல்லாத்தையும் கழட்டிட்டு வந்தோம். கிளட்ச் பிளேட் செட்டும் பேரிங்கும் மட்டும் புதுசு. பாக்ஸ் கீழ இறங்கியிருக்கும்போதே மாத்தினாத்தான் உண்டு, ஏத்தினப்புறம் அதுக்காக மறுபடி இறக்க யாராலும் முடியாது :-) அபார்ட்மென்ட் பார்க்கிங்ல ரிப்பேர் வேலை செய்யக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லேயே இருக்கு. அதனால கேட்டியில (பூட்டற கேட் இல்லீங்க, ஊர் பேரு) தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வீட்டு டிரைவ்வேல, மூணு வாரக்கடைசி ஆச்சு. அண்ணி போட்ட காபிக்குக் கணக்கே இல்லை.

இவ்வளவும் பாதி வேலைதான். மீதிப் பாதியை யாரும் அவ்வளவா பேசறதில்லை. ஆட்டோமேட்டிக் கார் நமக்குத் தெரியாமலே சில காவல் வேலைகளைப் பார்த்துட்டு இருக்கு. பாக்ஸைக் கழட்டும்போது காவல்காரனையும் சேர்த்து வெளிய அனுப்பிடறோம்.

முதல் காவல், ஸ்டார்ட்டிங். பார்க்கிலயோ நியூட்ரல்லயோ இல்லாட்டி ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட் ஆகாது. அதுக்கான சுவிட்ச் பழைய பாக்ஸோட போயிடும். சாவி திருப்பினா சத்தமே வராது. நிறைய பேர் செய்யற குறுக்குவழி, அந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திடறது. ஸ்டார்ட் ஆகும். ஆனா முதல் கியர்ல நின்னிருந்தாலும் ஸ்டார்ட் ஆகும், ஒரு துள்ளு துள்ளும். முன்னாடி யாராவது குழந்தை நின்னா? கிளட்ச் பெடலுக்கு அடியில, மிதிச்சாத்தான் கரன்ட் போற மாதிரி ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அந்த ஒயரை அது வழியா கொண்டு போகணும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை.

ரெண்டாவது, க்ரூஸ் கன்ட்ரோல். கிளட்ச்சை மிதிச்சவுடனே க்ரூஸ் அணையறதுக்குன்னு பெடல்ல இன்னொரு சுவிட்ச் இருக்கு. அதை இணைக்காம விட்டா, ஹைவேல கிளட்ச் மிதிக்கற நேரம் இன்ஜின் அலறும்.

மூணாவது, பார்க். மேனுவல்ல 'பி' கிடையாது. கியர்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுக்கணும். ஆட்டோமேட்டிக் ஓட்டறவங்க ஹேண்ட்பிரேக்கைத் தொடறதே அபூர்வம், அதனால பழைய வண்டிகள்ல அந்தக் கேபிள் இறுகிப்போயோ, இழுத்தா பிடிக்காமலோ இருக்கும். ஹூஸ்டன் தட்டையான ஊர், தப்பிச்சுக்கலாம். சான்ஃப்ரான்சிஸ்கோ மேட்டுல முடியுமா? நிறுத்தும்போது முன் சக்கரம் நடைபாதை ஓரத்துல முட்டி நிக்கற மாதிரி திருப்பி வைக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. ஹேண்ட்பிரேக்கை சரி பண்ணாம இந்த வேலையை முடிச்சதா நினைக்காதீங்க. ரிவர்ஸ் லைட்டும் அப்படித்தான், புது பாக்ஸ்ல இருக்கற சுவிட்சுக்கு ஒயர் இழுத்தாத்தான் எரியும்.

அப்புறம் கம்ப்யூட்டர். ஆட்டோமேட்டிக்கோட கம்ப்யூட்டரை அப்படியே விட்டா, காணாமப் போன கியர்பாக்ஸைத் தேடிக்கிட்டே இருக்கும். டாஷ்போர்டுல லைட் போட்டு ஒப்பாரி வைக்கும். மேனுவல் சிவிக்கோட கம்ப்யூட்டரை மாட்டணும். 96லேர்ந்து 98 வரைக்கும் ஒரு விதம், 99-2000 வேற விதம், பிளக்கே சேராது. இந்த வருஷ அமெரிக்க சிவிக்ல சாவிக்குள்ள சிப் இல்லாததால மாட்டினவுடனே ஓடும்.

இதையெல்லாம் யாராவது சோதிப்பாங்களான்னு கேட்டா, டெக்சாஸ்ல கிடையாது. 2025 ஜனவரியிலேர்ந்து சொந்த உபயோக வண்டிகளுக்கு சேஃப்டி இன்ஸ்பெக்‌ஷனையே எடுத்துட்டாங்க. ஹாரிஸ் கவுன்ட்டியில புகை சோதனை இருக்கு, ஆனா 24 வருஷத்துக்கு மேலான வண்டிக்கு அதுவும் வேண்டாம். கலிஃபோர்னியால 1976 மாடல்லேர்ந்து வந்த பெட்ரோல் காருக்கு ஸ்மாக் டெஸ்ட் உண்டு. செக் இன்ஜின் லைட் எரிஞ்சா அங்கயே ஃபெயில். ஆக, இங்க அந்த அரை மணி நேர சுவிட்ச் வேலையைச் செஞ்சோமா இல்லையான்னு நமக்கு மட்டும்தான் தெரியும். அதனாலதான் இவ்வளவு நீட்டி முழக்கறேன்.

ஒரு சின்னக் கூத்து. ஹோண்டா வண்டி நம்பர்ல, அதாவது 17 எழுத்து வின்ல, ஏழாவது இடம் பாடியையும் கியர்பாக்ஸையும் சேர்த்துக் குறிக்கறது. அது மாறவே மாறாது. கடையில நம்பரைத் தட்டிட்டு ஆட்டோமேட்டிக் சாமானையே எடுத்துத் தருவாங்க. ஜாதகத்துல ஒண்ணு, ஆள் வேற :-)

இனி செலவுப் பட்டியல்ல வராத ஒரு செலவு. எங்க அபார்ட்மென்ட்ல நாலு பேர். கார் ரெண்டு பேரோடதுன்னாலும் ஓட்டறது நாலு பேரும். ஏர்போர்ட்ல புதுப் பையனைக் கூட்டிட்டு வரணுமா, ராத்திரி யாருக்காவது காய்ச்சலா, சாவி ஆணியில தொங்கும், எடுத்துட்டுப் போவாங்க. மேனுவல் ஆனப்புறம் சாவி அதே ஆணியிலதான் தொங்குது, ஆனா ரெண்டு பேரால எடுக்க முடியலை. ஒருத்தர் சென்னையில ஸ்கூட்டர் மட்டும் ஓட்டினவர், இன்னொருத்தர் வண்டி பழகினதே இங்க வந்துதான். அமெரிக்க சுற்றுச்சூழல் முகமையோட கணக்குப்படி, 1980ல இங்க தயாரான வண்டிகள்ல மூணுல ஒண்ணு மேனுவல். இப்ப நூத்துக்கு ஒண்ணுதான். 2025 சிவிக்லயே எஸ்ஐ, டைப் ஆர் ரெண்டுலதான் கிளட்ச் இருக்கு. நம்ம ஊர்லயும் 2014ல மாருதி செலேரியோ வந்ததிலேர்ந்து கிளட்ச் பெடல் இல்லாத சின்னக் கார்கள் பெருகிட்டு வருது. இனிமே வர்ற பசங்களுக்கு ஹாஃப் கிளட்ச்னா என்னன்னே தெரியாம இருக்கலாம்.

அதனால ஞாயித்துக்கிழமை காலையில யூனிவர்சிட்டி காலி பார்க்கிங்ல கிளாஸ் எடுத்துட்டு இருக்கேன். ஆக்ஸிலேட்டரைத் தொடாம, கிளட்ச்சை மட்டும் மெதுவா விட்டு வண்டியை நகர்த்தணும், அதுதான் முதல் பாடம். ஸ்கூட்டர்காரர் மூணே வாரத்துல தேறிட்டார். அடுத்தவருக்கு இன்னும் முப்பது தடவை அணையுது. அணையட்டும், புது கிளட்ச்தானே.

பி.கு.: யார்டுல சாமான் கழட்டறப்ப பெடல்ல இருக்கற ரெண்டு சுவிட்சையும், ஒயரை வெட்டாம பிளக்கோட சேர்த்து எடுத்துட்டு வாங்க. தனியா தேடினா அலைச்சல்.