ஹாம் ரேடியோவில் குரல் கரகரக்கிறதா?
2004 டிசம்பர் 26, சுனாமி. அந்தமானில் தொலைபேசிகள் அடங்கிவிட்டன. போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோவோடு இருந்த பாரதி பிரசாத் குழுவினர்தான் வெளியே செய்தி அனுப்பினார்கள். அன்று குரல் சிதைந்திருந்தால்?

திருவாதவூரில் செட் வைத்தாலும் சோதனை இதுதான். குரல் தெளிவில்லை என்றால் பலரும் கத்துவார்கள். அது தப்பு! முதலில் மைக் கெயினைக் குறையுங்கள். ஏஎல்சி முள் எல்லை தாண்டக் கூடாது.

அடுத்து பவர் சப்ளை. 100 வாட் செட் பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். வயர் மெல்லியதாக இருந்தால் 13.8 வோல்ட் இறங்கி, குரல் உடையும்.

டம்மி லோடில் சரியாகவும் ஆண்டெனாவில் மோசமாகவும் கேட்கிறதா? அனுப்பும் அலையே மைக் வயரில் ஏறுகிறது. ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

இதையெல்லாம் இன்றே பாருங்கள். ஆபத்து நாளில் நேரம் இருக்காது.