மணற்குன்றிற் சறுக்கினோம்

ஆபிரிக்காவின் தென்மேற்கிலுள்ள நமீபியா நாட்டில், நமீப் பாலைவனம் அத்திலாந்திக் சமுத்திரக் கரைவரை வந்து நிற்கிறது. அங்கே சுவாகோப்முண்ட் பட்டினத்துக்குச் சென்ற நாம், மணற்குன்றிற் பலகைமேற் சறுக்கும் விளையாட்டிலும் ஈடுபடத் துணிந்தோம்.

பாலைவனம் என்றதும் வெயிலையே எண்ணுவோம். ஆயின், அக்கடலில் ஓடும் பென்குவெலா என்னும் குளிர்நீரோட்டத்தால் மூடுபனி படர்ந்து எம்மை நடுக்கிற்று. மழை அரிதான அந்நிலத்துக்கு அப்பனியே உயிர்நீர். குன்றின் முகட்டில் தலைகீழாக நின்று, முதுகிற் படியும் பனிநீரை வாய்க்கு வழியவிட்டுக் குடிக்கும் வண்டினமும் அங்கு உண்டு.

குன்றேற இயந்திரம் இல்லை. பலகையைச் சுமந்து நடக்கவேண்டும். இரண்டடி வைத்தால் மணல் ஓரடி பின்னே இழுக்கும். மூச்சு வாங்க உச்சியை அடைந்து கீழே நோக்கினோம். நெஞ்சு திடுக்கிட்டது. உலர்ந்த மணல் ஏறக்குறைய 34 பாகைச் சரிவு வரையே தங்கும் என்பதை நாம் அறிவோம். கண்ணுக்கோ அது செங்குத்தாகவே தோன்றியது. நடந்தே இறங்கிவிடலாமா என்றும் எண்ணினோம்.

இறுதியில், மெழுகு பூசிய மெல்லிய பலகையிற் குப்புறப் படுத்து, முன்விளிம்பை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தோம். விளிம்பு தாழ்ந்தால் மணல் முகத்திற் பாயும். கால்நுனியை ஊன்றினால் வேகம் தணியும். காற்று காதில் இரைய, சில விநாடிகளில் அடிவாரம் சேர்ந்தோம்.

அச்சமெல்லாம் உச்சியில் நின்று பார்க்கும்வரையே; சறுக்கத் தொடங்கியபின் அதற்கு நேரமில்லை. பலகையைத் தோளிலேற்றி மீண்டும் குன்றேறினோம்.