சித்தியடைந்த பிள்ளை மீண்டும் எழுதும்போது

சகோதரிகளே, உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த உங்கள் மகள், அதே பாடங்களுக்குத் திரும்பவும் தோற்றப் போகிறேன் என்றால் என்ன சொல்வீர்கள்? பிள்ளைகள் இதைச் ‘செகண்ட் ஷை’ என்கிறார்கள். என் மகள் சொன்னபோது மாமி கேட்டார்: “மூணும் பாஸாமே, பொறகு எதுக்கு இன்னொருக்கா எழுதுற?”

கேள்வி நியாயமானதுதான். மகளுக்குக் கணக்கீட்டில் பி, வணிகக் கல்வியிலும் பொருளியலிலும் சி. குறை சொல்லக்கூடிய பெறுபேறல்ல. ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் தருவது இந்த எழுத்துகளல்ல, இஸட் புள்ளி. பிள்ளை எத்தனை புள்ளி எடுத்தாள் என்பதோடு அது நிற்பதில்லை. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் எவ்வளவு மேலே நிற்கிறாள் என்றும் பார்க்கிறது. அதன் பிறகு பெரும்பாலான துறைகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகின்றன. அதனால் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், வருடத்துக்கு வருடம் வேறுபடும். எங்கள் மாவட்டத்தில் முகாமைத்துவத்துக்கு மகள் கொஞ்சம்தான் பிந்தினாள். நிறையப் பிந்தியிருந்தால் நானே வேறு வழி பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இனி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவன் இரண்டாம் முறை எழுதியபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. டியூஷன் காசை யாரும் கணக்குப் பார்க்கவுமில்லை. மகள் என்றதும்தான், ஒரு வருடம் வீட்டில் இருக்கப் போகிறாளா, கேட்டு வந்த இடத்துக்கு என்ன பதில், வகுப்புக்கு யார் கூட்டிப் போவது என்று பேச்சு நீண்டது. அவளுடைய வாப்பா கடையை ஒரு மணி நேரம் பிந்தித் திறந்தார். அதோடு கூட்டிப் போகும் கேள்வி முடிந்தது. கலியாணப் பேச்சை, மகளிடமே கேட்டு, பரீட்சை முடியும்வரை நிறுத்தி வைத்தோம்.

இவற்றைவிடப் பெரிய இடைஞ்சல் வேறொன்று. பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு நேரசூசி இருக்கிறது. வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைக்கு அது இல்லை. தேங்காய் துருவ, தங்கச்சியின் பிள்ளையைப் பார்க்க, விருந்தாளிக்குத் தேநீர் ஊற்ற என்று எல்லோரும் அவளையே கூப்பிடுவார்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடங்களில்தான் ஒரு வருடம் போய்விடுகிறது. சுபஹ் முதல் பத்து மணிவரை அவளை ஒருவரும் கூப்பிடக்கூடாது என்று நான் சொன்னபோது சிலருக்கு மனம் நொந்தது. நொந்தால் நோகட்டும்.

படிக்கும் முறையும் மாற வேண்டும். முதல் பாடத்திலிருந்து திரும்ப வாசிப்பது வீண். சென்ற வருடம் புள்ளி எங்கே போனது, பல்தேர்விலா, கட்டுரையிலா? பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தை வைத்துக்கொண்டு கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

பாடத்திட்டம் மாறுகிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2011இல் பழைய திட்டத்திலும் புதிய திட்டத்திலும் எழுதியவர்களின் இஸட் புள்ளியைச் சேர்த்துக் கணித்ததால் வந்த பிரச்சினை உயர் நீதிமன்றம்வரை போனது. 2012இல் வேறு வேறாகக் கணிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று முறைதான் கணக்கு. மூன்றாவது முறையைப் பற்றி நாங்கள் இப்போது பேசுவதில்லை. முதற் சான்றிதழ் செல்லாமற் போவதுமில்லை, அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மகள் இம்முறை தனிப்பட்ட விண்ணப்பதாரியாகத் தோற்றுகிறாள். கணக்கீடு திருப்தி. பொருளியல் கட்டுரை வினாக்களுக்குத்தான் இன்னும் நேரம் போதாமல் இருக்கிறது.