எத்தனும் பேயனும்

ஒரு மொழியின் சொற்கள் பொருளை மட்டும் உணர்த்துவதில்லை. அவற்றை வழங்கும் மக்கள் எவர் பக்கம் நின்று பேசுகின்றனர் என்பதையும் உணர்த்துகின்றன. பிறரை ஏமாற்றுவோனைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல. 'வஞ்சகன்' வடமொழிவழி வந்தது. 'எத்தன்' என்பது 'எத்து' என்னும் வினையடியாகப் பிறந்தது, எத்துதலாவது வஞ்சித்தல். அகராதிகள் இவ்விரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தரினும் வழக்கில் இவை ஒன்றல்ல. வஞ்சகன் என்னும்போது வெறுப்புத் தொனிக்கின்றது. எத்தன் என்னும்போதோ அவனது சாமர்த்தியத்தை வியக்கும் குரலும் உடன் கேட்கின்றது. 'எத்தனுக்கு எத்தன்' என்னும் தொடரில் இவ்வியப்பு வெளிப்படை.

மட்டக்களப்பு நகருக்கு வடக்கேயுள்ள எனது ஊராகிய கிரானில் 'எத்தன்' ஏட்டுச் சொல்லே. ஊரார் வாயில் வழங்குவது 'பேய்க்காட்டுதல்'. ஈழத்தமிழ் வழக்கிற்குப் பொதுவான இச்சொல்லுக்கு இருவகையாகப் பொருள் கொள்ளலாம். இல்லாத பேயை இருப்பதாகக் காட்டி மருட்டுதல் என்பது ஒன்று. 'பேயன்' என்பது எம்மிடையே மூடனைக் குறிப்பதால், ஒருவனைப் பேயனாக்கிக் காட்டுதல் என்பது மற்றொன்று. மூலப்பொருள் எதுவாயினும், இன்று ஊரார் மனத்தில் ஓங்கி நிற்பது பின்னதே. ஏமாற்றியவன் 'சுழியன்' என அரைப் பாராட்டுப் பெறுகின்றான். ஏமாந்தவனோ 'பேயன்' ஆகின்றான்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. என் பெரியப்பா ஒரு போகத்து நெல் முழுவதையும், பணத்தைப் பின்னர் தருவதாகச் சொன்ன வெளியூர் வியாபாரி ஒருவரிடம் நம்பிக் கொடுத்தார். தவணைகள் கடந்தன, பணம் வரவில்லை. பொலிசில் முறையிடுமாறு நான் வற்புறுத்தியபோது அவர், “சொன்னா ஊரே சிரிக்கும் மகன். என்னைத்தான் பேயன் எண்டு சொல்லுவாங்க” என்றார். அடுத்த போகத்தில் அதே வியாபாரி அயலூரில் இருவரிடம் அவ்வாறே நெல் பெற்றுச் சென்றதை அறிந்தோம். ஒரு சொல்லுக்கு அஞ்சிய மௌனம் எத்தனுக்குக் காவலாயிற்று.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 398ஆம் பிரிவில் ஏமாற்றுதலை வரையறுக்கின்றது. கொடுக்கும் எண்ணமின்றியே வாக்களித்து, ஒருவரை நம்பவைத்து, அவரது உடைமையைப் பெற்றவனையே அது குற்றவாளியாகக் காண்கின்றது. நம்பியவரின் வெள்ளை மனத்தை அது குற்றமாகக் கொள்வதில்லை. வள்ளுவரும் அவ்வாறே. 'கூடாவொழுக்கம்' என்னும் 28ஆம் அதிகாரத்தின் முதற்குறளில், வஞ்சகனின் பொய்யொழுக்கம் கண்டு அவனுடம்பாய் அமைந்த ஐம்பூதங்களும் உள்ளே சிரிப்பதாகக் கூறுகின்றார். அங்கே நகைப்புக்கு இலக்காவோன் ஏமாற்றியவன், எம்மூரிலோ ஏமாந்தவன்.

சொல்லை மாற்றுதல் எளிதன்று. அகராதியாலும் அது ஆகாது. ஆயினும் சொல்லோடு கூடிவரும் சிரிப்பை மாற்றுதல் நம் கையில் உள்ளது. ஏமாந்தோர் அச்சமின்றி வாய்திறந்து முறையிட வேண்டுமாயின், அவர்களைப் பேயர் என நகைப்பதை நாம் முதலில் நிறுத்துதல் வேண்டும்.